வெளிக்கிப் பேச்சு

“நேத்து ரத்தப் பொரியல் சாப்ட்டேனே தாயி, அது டெஸ்ட்டுல தெரிஞ்சிருமா?”

திங்கட்கிழமையானால் எங்கள் கிளினிக்கில் இந்தக் கேள்வி தவறாது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. “தெரியாது தாத்தா. இது மனுச ரத்தத்தை மட்டுந்தான் கண்டுபிடிக்கும். நீங்க நல்லாச் சாப்புடுங்க” என்பேன். உடனே அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நேரத்தில்தான் மலம் எடுத்து வரும் டெஸ்ட் டப்பாவை அவர் கையில் கொடுப்பேன்.

திருமங்கலத்தில் ஒரு குடும்ப டாக்டரிடம் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டரம்மாவிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். உசிலம்பட்டி, செக்கானூரணி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருவார்கள். சுகர், பிரஷர், முட்டிவலி என்று வருகிறவர்களிடம் சில வருடங்களாகப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றியும் பேசுகிறோம். நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம்தான் இந்தப் பேச்சு. இதை எப்படிப் பேசினால் எடுபடும், எப்படிப் பேசினால் ஆள் ஓடிவிடுவார் என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ரொம்ப நாளானது. மற்ற கிளினிக்குகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கும் கம்பவுண்டர்களுக்கும், வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் என் அப்பா.

2016-ல் அப்பாவுக்கு 68 வயது. வெளிக்கிப் போகும்போது ரத்தம் படுகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அம்மா துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு மசியல். “உடம்பு சூடு, வெயில்ல நிக்கிறாருல்ல” என்று வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிய வந்தபோது நானும் என்ன செய்தேன்? மூலம் என்றுதான் நினைத்தேன். களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் கேட்டுவிட்டு மூலத்துக்கு மாத்திரை எழுதினார். ஆசனவாயில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் மூலம் பௌத்திரம் என்று விளம்பரம் ஒட்டியிருக்கும் ஊரில், ரத்தம் என்றால் வேறு எதுவும் மனதில் வருவதில்லை. நர்ஸாக இருந்தாலும் அப்படித்தான்.

எட்டு மாதம் போய்விட்டது. இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போய் டியூப் விட்டுப் பார்த்தோம். கட்டி மலக்குடலில் இருந்தது. விரல் வைத்துப் பார்த்திருந்தாலே தட்டுப்பட்டிருக்கும் என்றார்கள். அதற்குள் ஈரலுக்குப் பரவியிருந்தது. மறு வருடம் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நம்மகிட்ட வர்ற பெருசுகளுக்கு இந்த டெஸ்ட்டை நாம ஏன்மா சொல்றதே இல்ல?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொல்லணும்னு தெரியும். ஒரு சாயந்திரத்துக்கு அறுபது எழுபது பேர் வர்றாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். சுகர் பாத்து, பிரஷர் பாத்து, மாத்திரை எழுதறதுக்குள்ள அடுத்த ஆளு கதவைத் தள்றாரு. நல்லா இருக்குற மனுசன்கிட்ட கேன்சர்ங்கற பேச்சை எடுத்தா அரை மணி நேரம் வேணும். சொல்லிப் பாத்தவங்களும் செஞ்சதில்ல” என்றார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அரசாங்கத் திட்டத்திலும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை சொல்லப்பட்டிருக்கிறது. குடல் அதில் இல்லை. மேல்நாடுகளோடு பார்த்தால் நம் ஊரில் இந்த நோய் குறைவு என்பதும் ஒரு காரணம். ஆனால் உலகம் முழுவதும் 2022-ல் மட்டும் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது, 9 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். திட்டம் இல்லாத இடத்தில் குடும்ப டாக்டர் சொல்வதுதான் திட்டம். அவர் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை.

டாக்டரின் மூன்று நிமிஷத்தை முப்பது நிமிஷமாக்க என்னால் முடியாது. அதனால் அந்த மூன்று நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். டாக்டரம்மா பேச வேண்டியது இரண்டு வாக்கியம் மட்டும்.

முன்னால் உள்ள வேலை, கேட்பது. பிரஷர் பார்க்கும்போது கை என் கையில் இருக்கும், ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்போது கேட்பேன். “மலம் கழிப்பதில் பிரச்சினை உண்டா” என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் “இல்லம்மா” என்றார்கள். “வெளிக்கி எப்படிப் போகுது அப்பத்தா? முன்ன மாதிரியா, மாறியிருக்கா?” என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பதில் வந்தது. புழுக்கை மாதிரி போகிறது, போய்விட்டு வந்தும் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறது, சளி மாதிரி வருகிறது என்று மனதில் கிடந்ததெல்லாம் வெளியே வரும். பாட்டிமார்கள் என்னிடம் பேசிவிடுவார்கள். தாத்தாமார்கள் பேசுவதில்லை. அப்பா என்னிடம் பேசாததுபோலத்தான். அவர்களுக்கு எங்கள் மருந்துக் கடைத் தம்பி. மாத்திரை எண்ணிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி அவன் கேட்பான். அவனிடம் சொல்லிவிட்டு, “அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லிராதப்பா” என்பார்கள். யார் கேட்கிறார்கள் என்பதில் பாதிக் காரியம் இருக்கிறது. நாங்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது.

கூடவே இன்னும் இரண்டு கேள்வி. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது குடலில் கட்டி வந்ததா? சமீபத்தில் ரத்தம் குறைவு என்று யாராவது சொன்னார்களா? முதலாவது ஏன் என்றால், நெருங்கிய சொந்தத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் பரிசோதனையை 40 வயதிலேயே, அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்துகிறதோ அப்போது ஆரம்பிக்க வேண்டும். அவர்களுக்கு டப்பா போதாது, கொலோனோஸ்கோப்பிதான், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா டியூப் விட்டுக் குடலைப் பார்ப்பது. இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். வயதான ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் டானிக் எழுதிக் கொடுத்து, முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். இரும்பு மாத்திரையில் வெளிக்கி கறுப்பாகப் போகும், அதற்குள் ரத்தம் கலந்து கறுத்தாலும் தெரியாது.

ரத்தம் படுகிறது, எடை குறைகிறது, போக்கு மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு டப்பா கொடுப்பதே இல்லை. அவர்கள் நேரே டாக்டரம்மாவிடம் போக வேண்டும், அவர் விரல் வைத்துப் பார்த்து மேற்கொண்டு அனுப்புவார். டப்பா டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்து, அந்தத் தைரியத்தில் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டால் அது என் அப்பாவுக்கு நடந்ததேதான். இந்த இரண்டு வகையையும் பிரிப்பது நர்ஸின் பொறுப்பு. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அறிகுறி ஒன்றும் இல்லை, வயது ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் என்றால் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ‘கு’ என்று எழுதிவிடுவேன். குடல். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் தன் இரண்டு வாக்கியத்தைச் சொல்வார். (அமெரிக்காவில் 2021-லிருந்து 45 வயதிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். எங்களிடம் கேட்கிறவர்களுக்கு நாங்களும் மறுப்பதில்லை.)

அந்த இரண்டு வாக்கியம் இப்போதிருப்பதுபோல் முதலில் இல்லை. “கேன்சர் இருக்கான்னு பாத்துருவோம்” என்று ஆரம்பித்தார். ஆளுக்கு ஆள், “எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டரம்மா” என்று எழுந்துவிட்டார்கள். அப்புறம் பயந்துபோய், அந்த வார்த்தையே இல்லாமல் “வயித்துக்கு ஒரு டெஸ்ட்டு” என்று சொல்லிப் பார்த்தோம். செக்கானூரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படிச் செய்து, ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்து, மேலே போகச் சொன்னபோதுதான் இது எதற்கான டெஸ்ட் என்று தெரிந்துகொண்டார். “எங்கிட்ட மறச்சிட்டீக” என்று சொல்லிவிட்டுப் போனவர் அதன்பிறகு எங்களிடம் வரவே இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். மகன்கள் தனியாக வந்து, “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க” என்று கேட்பார்கள். பாசத்தில் கேட்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் நோயே இல்லாத ஒருவரிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உழுது, பயிர் வைத்து, வறட்சி பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதருக்கு ஒரு வார்த்தையைத் தாங்கத் தெரியாதா?

இப்போது டாக்டரம்மா சொல்வது இதுதான்: “ஐம்பது தாண்டின எல்லாருக்கும் குடல்ல புத்து வராம இருக்கப் பாக்குற டெஸ்ட்டு ஒண்ணு சொல்றேன், நானும் பண்ணியிருக்கேன். நீங்களும் பண்ணிரணும், வெளிய நர்ஸம்மா சொல்லிக் குடுப்பாங்க.”

‘எல்லாருக்கும்’ என்றதும், எனக்கு ஏதோ இருக்கிறது போல என்ற பயம் போய்விடுகிறது. ‘நானும்’ என்றதும் கூச்சம் பாதி குறைகிறது. டாக்டரம்மா உண்மையிலேயே செய்துகொண்டார், அதற்குப் பிறகுதான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். ‘வராம இருக்க’ என்பதும் வாய் வார்த்தை இல்லை. குடலின் உள்சுவரில் முதலில் சின்னச் சதை வளர்ச்சி வரும், பாலிப் என்பார்கள். அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல ஆகிறது. அதற்குள் எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்று இல்லை. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதைப் படம் போட்டெல்லாம் விளக்கியிருக்கிறேன். ஆனால் எனக்கே புரிகிற மாதிரி சொன்னது ஒரு அம்மா. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார், விடியுமுன் பூப் பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்புகிறவர். காம்போடு நிற்கும் பாலிப் படத்தைப் பார்த்துவிட்டு, “மொட்டாட்டம் இருக்கு. பூத்துட்டா நமக்கு ஆகாது, மொட்டுலயே பறிச்சிரணும், அம்புட்டுத்தானே?” என்றார். அம்புட்டுத்தான். இப்போது நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

பின்னால் உள்ள வேலைதான் பெரிது.

ஆரம்பத்தில் டாக்டரம்மா எல்லோருக்கும் கொலோனோஸ்கோப்பி எழுதிக் கொடுத்தார். அதுதான் முழுசாகப் பார்க்கிறது, ஒன்றும் இல்லையென்றால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. ஆனால் சீட்டை வாங்கிப் போனவர்களில் மதுரைக்குப் போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பிறகு டாக்டரம்மா ஒரு ஆய்வைப் படித்துவிட்டுச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் செய்து 2012-ல் வெளியானது. கொலோனோஸ்கோப்பி மட்டும் சொன்னபோது 100-க்கு 38 பேர்தான் செய்தார்களாம். மலத்தில் ரத்தம் பார்க்கும் டெஸ்ட்டைச் சொன்னபோது 67 பேர். இரண்டையும் சொல்லி, எது வேண்டுமோ செய்யுங்கள் என்றபோது 69 பேர். அவ்வளவு தூரத்து ஊர், வேறு மாதிரி மனிதர்கள். ஆனாலும் மனசு ஒன்றுதான். நாங்களும் மாற்றிக்கொண்டோம். வீட்டிலேயே செய்கிற டப்பா டெஸ்ட் வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது கொலோனோஸ்கோப்பி பத்து வருடத்துக்கு ஒரு தடவை. எங்கள் பெரியவர்களில் அநேகம் பேர் டப்பாவைத்தான் கேட்கிறார்கள்.

டப்பா என்று நாங்கள் சொல்வது ஃபிட் டெஸ்ட். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும். பழைய குவாயக் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் கறி, முள்ளங்கி, காலிஃபிளவர், வைட்டமின் சி மாத்திரை எல்லாம் தள்ளி வைக்க வேண்டும். லேபில் எந்த டெஸ்ட் செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் ஒன்றுபோல இருக்கும். பத்தியம் சொன்னால் நம் ஆட்கள் டெஸ்ட்டையே விட்டுவிடுவார்கள். ஃபிட்டுக்குப் பத்தியம் கிடையாது.

எப்படி எடுப்பது என்பதை வாயால் சொன்னால் போதாது. ஒரு குச்சியையும் கொஞ்சம் களிமண்ணையும் வைத்துச் செய்து காட்டுகிறேன், பெரியவரையும் செய்யச் சொல்கிறேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். கக்கூஸ் தண்ணீரில் விழுந்ததை எடுக்கக் கூடாது. உட்காரும் இடத்தில் பழைய செய்தித்தாளோ காய்ந்த தட்டோ வைத்து அதில் விழச் செய்ய வேண்டும். காட்டுப்பக்கம் போகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. ஒரே இடத்தில் குத்தாமல் நாலைந்து இடத்தில் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். நிறைய வேண்டாம், குச்சியின் பள்ளம் நிறைந்தால் போதும். மூலத்தில் ரத்தம் கண்கூடாக ஒழுகும் நாளில் எடுக்கக் கூடாது, அப்படி ஒழுகினால் டப்பாவை வைத்துவிட்டு டாக்டரிடம் வர வேண்டும்.

அப்புறம் எங்கள் ஊர் வெயில். இந்த டெஸ்ட் தேடுகிற ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்துவிடும். இருக்கிற ரத்தம் இல்லை என்று வந்துவிடும். ஒருமுறை சித்திரை வெயிலில் ஒரு தம்பி தாத்தாவின் டப்பாவைப் பைக் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு கல்லுப்பட்டியிலிருந்து நாலு இடம் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தான். அதை வாங்கவில்லை, வேறு டப்பா கொடுத்து அனுப்பினேன். காலையில் எடுத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் அதை உறையில் போட்டு, வேறொரு மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து, ஃபிரிட்ஜில். இதற்கு மருமகள்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கத்தான் செய்வார்கள். அதனால் பங்குனி, சித்திரை, வைகாசியில் டப்பா கொடுப்பதைக் குறைத்து, ஐப்பசி கார்த்திகையில் அதிகம் கொடுக்கிறோம்.

டப்பா கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த காலமும் உண்டு. பல டப்பாக்கள் சாமி படத்துக்குப் பின்னால், டிவி ஸ்டாண்டில், ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடும். இப்போது கொடுக்கும்போதே, “வீட்டுல போன் யாரு எடுப்பா?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். மகன் நம்பர் பெரும்பாலும் பயன்படாது. திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். பேத்திதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல துணை. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் தாத்தாவை விடவே மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு போன், வராவிட்டால் இன்னொரு வாரத்தில் மறுபடி ஒன்று. மூன்றாவது போனுக்குப் பிறகு நிறுத்திவிடுவேன். அடுத்தமுறை சுகருக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். மாத்திரை வீடு தேடி வருகிற திட்டம் வந்த பிறகு சிலர் கிளினிக்குக்கு வருவதே குறைந்துவிட்டது. அவர்களுக்குத்தான் போன் அவசியம்.

பெரியவர்கள் சொல்லும் மறுப்புகளில் பாதி, உண்மையில் மறுப்பே இல்லை. “ஆடி கழியட்டும்” என்றால், ஆவணியில் வருகிறேன் என்று அர்த்தம். தேதியை அப்போதே குறித்துவிட வேண்டும். “மகன்கிட்ட கேக்கணும்” என்றால் காசைப் பற்றிக் கேட்கிறார்கள். டப்பாவுக்கு ஆகும் செலவைச் சொல்லிவிட்டு, மேலே பார்க்க வேண்டி வந்தால் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் குடலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னால் முகம் தெளியும். “இந்த வயசுக்கு மேல தெரிஞ்சு என்ன செய்ய?” என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கு நான் பதிலாக என் அப்பாவைச் சொல்வேன். கடைசி நாலு மாதம் அவர் பட்டதைச் சொல்வேன். அதோடு, குடலைத் தாண்டாமல் கண்டுபிடித்தவர்களில் 100-க்கு 90 பேர் ஐந்து வருடம் தாண்டி இருக்கிறார்கள், தூரத்து உறுப்புக்குப் பரவிய பிறகு என்றால் 15 பேர்போலத்தான் என்ற அமெரிக்கக் கணக்கையும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கணக்கைவிட அப்பாவின் கதைதான் அவர்கள் காதில் ஏறுகிறது.

ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் ‘பாசிட்டிவ்’ என்று போனில் சொல்வதில்லை. கொரோனாவுக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாலே வீடு அழ ஆரம்பித்துவிடுகிறது. நேரில் வரச்சொல்லி, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு டாக்டரம்மாவே சொல்வார். இது புற்று என்று அர்த்தமில்லை, அநேகம் பேருக்குப் புற்று இருக்காது, மூலமாகவோ பாலிப்பாகவோ இருக்கலாம். ஆனால் உள்ளே பார்க்காமல் விடக் கூடாது. இந்த இடத்தில் ஒருவரை நாங்கள் கோட்டை விட்டோம். முடிவு வந்ததும் அவர் வெளியே ஒரு லேபில் மறுபடி அதே டெஸ்ட்டைச் செய்து, ரத்தம் இல்லை என்று வந்ததும் சந்தோஷமாகப் போய்விட்டார். நாங்களும் துரத்தவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வயிறு உப்பி, குடல் அடைத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். கட்டி எல்லா நாளும் ரத்தம் கசியாது. ஒரு தடவை ரத்தம் வந்துவிட்டால் அடுத்தது கொலோனோஸ்கோப்பிதான், இன்னொரு டப்பா கிடையாது. இன்றைக்கு அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறோம். ரத்தம் இல்லை என்று வந்தவர்களிடமும், இந்த டெஸ்ட் புற்று இருக்கும் 100 பேரில் ஏறக்குறைய 20 பேரைத் தவறவிடும், அதனால்தான் வருடா வருடம் என்று சொல்கிறோம்.

கொலோனோஸ்கோப்பிக்குப் போகிறவர்களுக்குப் பயம் டியூப்பைப் பற்றி. உண்மையில் கஷ்டம் முந்தின ராத்திரிதான். மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவார்கள், அது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. ஆனால் குடலைச் சுத்தம் செய்யும் பவுடரை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கக்கூஸுக்கு நடக்க வேண்டும். அந்த மல்லிகைத் தோட்டத்து அம்மாவுக்கு முட்டியில் தேய்மானம். வீட்டுக் கக்கூஸ் கொல்லைப்புறத்தில், அதுவும் உட்கார்ந்து எழும் கக்கூஸ். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை மேலே போட்டு, வழியில் லைட் போட்டு, அன்றைக்கு மட்டும் தங்கச்சி மகளை வந்து படுக்கச் சொன்னோம். முகூர்த்த நாளில் பூவை விட்டு வர மாட்டார் என்பதால் தேதியும் அதைப் பார்த்துக் குறித்தோம். இதையெல்லாம் டாக்டர் சீட்டில் எழுத மாட்டார். வீடு எப்படி இருக்கிறது என்று தெரிந்த யாராவது கேட்டால்தான் உண்டு.

சாப்பாட்டை எங்கள் ஊர்ச் சாப்பாடாகவே சொல்லிக் கொடுக்கிறேன். ‘நார்ச்சத்தைத் தவிர்க்கவும்’ என்று அச்சடித்த தாளை யாரும் படிப்பதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி, கத்திரிக்காய், கேப்பை, கம்பு வேண்டாம். இட்லி, வெறும் சோறு, தயிர் போதும். முந்தின நாள் இளநீர், வடிகட்டின ரசத் தெளிவு, பால் இல்லாத வரக்காப்பி. சிவப்புக் கலர் எதையும் குடிக்கக் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் பட்டினி நாளில் எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்காமல் போகக் கூடாது, ராத்திரியில் சுகர் இறங்கி மயங்கி விழுந்தால் கேட்க ஆளிருக்காது. இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. கிட்னிக் கோளாறு இருந்தால் எந்தப் பவுடர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இரண்டு பாலிப் இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். மறு வாரம் வந்தபோது முழம் அளக்காமல் ஒரு பந்துப் பூவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரையும் பிடித்து அனுப்புவது எங்கள் நோக்கம் இல்லை. போன ஐப்பசியில் ஒரு மகன் 84 வயது அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதயம் பலவீனம், இரண்டடி நடந்தால் மூச்சு வாங்கும். “அப்பாவுக்கு எல்லாத்தையும் பாத்துருங்க டாக்டர், செலவு பத்திக் கவலையில்ல” என்றார். டாக்டரம்மா மறுத்துவிட்டார். டியூப் விடும்போது குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை, ஆனால் வயது கூடக் கூட அது கூடும். மொட்டு பூவாகப் பத்து வருடம் ஆகும் என்றால், அந்தப் பத்து வருடம் அவருக்கு இருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டும். 75 வரை எல்லோருக்கும் சொல்கிறோம். அதற்கு மேல் 85 வரை ஆளைப் பார்த்து, அவர் விருப்பத்தைக் கேட்டு. அதைத் தாண்டினால் சொல்வதில்லை. அந்த மகனுக்கு முதலில் கோபம். டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, அப்பாவுக்கு இப்போது தேவை நிம்மதியான தூக்கமும் மூச்சு வாங்காமல் இருப்பதும்தான் என்று பேசிய அந்தப் பதினைந்து நிமிஷம், வெளியே கூட்டம் சத்தம் போட்டது. நான் பார்த்துக்கொண்டேன்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வருகிறார். 66 வயது. அவர் அண்ணனுக்குக் குடலில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதனால் அவருக்கு டப்பா இல்லை, நேரே மதுரை. இரண்டு தடவை தேதி வாங்கிக் கொடுத்து, இரண்டு தடவையும் போகவில்லை. முதல்தடவை மாடு கன்று போட்டது. இரண்டாவது தடவை காரணம் சொல்லவில்லை. நேற்று மருந்துக் கடைத் தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், ராத்திரி அவசரத்தில் வேட்டியில் போய்விட்டால் மருமக முன்னாடி எப்படி நிற்பது என்று. இப்போதுதான் எங்களுக்குக் காரணம் தெரிகிறது. மதுரையில் மகள் வீடு இருக்கிறது, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. முந்தின நாளே அங்கே போய்விடலாம். பேத்தி டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் வருவாள். நாளைக்கு அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.